வாயிற் காவல்

பள்ளியில் இலக்கணம் பயின்ற மாணவர் அனைவரும் 'வாயில்' என்னும் சொல்லை அறிவர். இல்லத்தின் வாய் என்னும் பொருளில் 'இல்வாய்' என்று நிற்கவேண்டிய சொற்கள் முன்பின்னாக மாறி 'வாயில்' என வழங்குகின்றன. இதனை இலக்கணப்போலி என்பர். வீட்டுக்கு வாயாக அமைந்தது வாயில். அவ்வாறாயின், உடம்பாகிய வீட்டுக்கு வாயில் எது? வாயே என்பதுதான் விடை. உணவும் நீரும் அதன் வழியே உள்ளே செல்கின்றன. உண்ணும் மருந்தும் அதன் வழியேதான் செல்கிறது. நோய்க் கிருமிகளும் உள்ளே நுழையக் காலம் பார்த்து அங்கேதான் காத்திருக்கின்றன.

உடல் நலமாக இருக்கும்போது இவ்வாயிலைக் காப்பதற்கு உடம்பே காவலரை அமைத்துக்கொள்கிறது. ஆயின், அக்காவலரின் ஆற்றலை மருத்துவர்கள் வேண்டுமென்றே குறைக்கவேண்டிய நிலை ஒன்று உண்டு. பிறர் தந்த சிறுநீரகத்தையோ, கல்லீரலையோ, இதயத்தையோ, எலும்பு மஜ்ஜையையோ பெற்று வாழ்பவர்களின் நிலை அது. அவர்களுடைய வாயில் தோன்றும் துன்பங்கள் யாவை, அவை ஏன் தோன்றுகின்றன, அவற்றைத் தடுக்கும் வழி யாது என்பவற்றை இன்று காண்போம்.

இதனைப் பற்றிப் பேச ஓர் ஆசிரியனுக்கு என்ன உரிமை என்று நீங்கள் கேட்கலாம். நான் மருத்துவன் அல்லேன். ஒரு மாணவனுக்கு நான் இழைத்த பிழையின் வழியாகவே இதனைக் கற்றேன். அதனை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1992ஆம் ஆண்டில் நான் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு ஆசிரியனாக இருந்தேன். சிறுநீரகம் பழுதுற்றுப் பல திங்கள் பள்ளிக்கு வாராதிருந்த மாணவன் ஒருவன், அறுவைச் சிகிச்சை முடிந்து திரும்பி வந்தான். அவனுடைய தாய் தம் சிறுநீரகங்களுள் ஒன்றை அவனுக்குக் கொடுத்திருந்தார். முன்பெல்லாம் பாடத்தை உரக்கப் படிப்பதற்கு முதலில் எழுந்து நிற்பவன் அவன். இப்போதோ வாயைக் கையால் மறைத்துக்கொண்டே பேசினான். படிக்கச் சொன்னால் முணுமுணுத்தான். ஒரு நாள் கையை எடுத்துவிட்டுப் படிக்கும்படி சொன்னேன். அவன் வாய் திறந்தபோது, ஈறுகள் சிவந்து தடித்துப் பற்களின் பாதியை மூடியிருப்பதைக் கண்டேன். பல் துலக்காத சோம்பலின் விளைவு என்று எண்ணிவிட்டேன். "தூய்மையைக்கூட இன்னும் கற்றுக்கொள்ளவில்லையா?" என்று வகுப்பறிய அவனைக் கடிந்தேன். சில மாணவர் நகைத்தனர். அவன் ஒன்றும் சொல்லாமல் அமர்ந்துவிட்டான்.

மறுநாள் பிற்பகல் அவனுடைய தாய் பள்ளிக்கு வந்தார். கைத்தறி நெய்து பிழைக்கும் குடும்பம். அவர் என்னோடு வழக்காட வரவில்லை. "ஐயா, நேற்று இரவும் இன்று காலையும் மருந்து உண்ண மறுத்துவிட்டான். மருந்தால்தான் ஈறு இப்படி வளர்கிறதாம். மருந்தை விட்டால் பழையபடி ஆகிவிடும் என்கிறான். மருந்தை விட்டால் நான் கொடுத்த சிறுநீரகம் போய்விடும் ஐயா. நீங்கள் சொன்னால் கேட்பான்" என்றார்.

அன்று நான் அடைந்த நாணத்துக்கு அளவில்லை. அவர் பின்னே நடந்து சென்றேன். அவன் எதிரே நின்று, "நான் அறியாமல் பேசிவிட்டேன், தம்பி" என்றேன். அவன் மருந்தை உண்டான். மறுநாள் வகுப்பிலும் என் பிழையை ஒப்புக்கொண்டேன். தவறிய வேளைகளால் கேடு விளையவில்லை என்பது பின்னர் நடந்த இரத்தச் சோதனையில் தெரிந்தது. அடுத்த முறை அவர்கள் மருத்துவமனைக்குச் சென்றபோது நானும் உடன் சென்று, மருத்துவரையும் பல் மருத்துவரையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அன்று அறிந்தவற்றையும் அதன் பின்னர்ப் படித்தறிந்தவற்றையும் இங்கே முறையாகச் சொல்கிறேன்.

முதற் கேள்வி இது: தாய் கொடுத்த சிறுநீரகத்தை மகனின் உடம்பு ஏன் தானாக ஏற்பதில்லை?

நம் இரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள் 'இது என்னுடையது, இது அயலானது' என்று பகுத்தறியும் திறன் உடையவை. அயற்பொருள் எதுவாயினும், அது நோய்க் கிருமியாயினும் பிறர் தந்த உறுப்பாயினும், அதனைத் தாக்கி அழிக்க முற்படும். வந்திருப்பது பகைவனா விருந்தினனா என்று அவை ஆராய்வதில்லை. இவ்வுண்மை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தெளிவாயிற்று. தீக்காயமுற்றவர்களுக்குப் பிறருடைய தோலை ஒட்டிப் பார்த்தனர். அது சில நாட்களில் உதிர்ந்தது. பீட்டர் மெடவார் என்னும் ஆங்கில அறிஞர், கிப்சன் என்னும் அறுவை மருத்துவரோடு சேர்ந்து கிளாஸ்கோ நகரில் ஆராய்ந்து, 1943ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டார். ஒருவருடைய தோலை இரண்டாம் முறை ஒட்டினால் அது முன்னைவிட விரைவாக உதிர்கிறது என்று அவர்கள் கண்டனர். உடம்பு அயலானை நினைவில் வைத்துக்கொள்கிறது என்பது இதனால் விளங்கிற்று. மெடவாருக்கு 1960ஆம் ஆண்டில் நோபெல் பரிசு வழங்கப்பெற்றது.

1954ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜோசப் மர்ரி என்னும் அறுவை மருத்துவர், ஒருவருடைய சிறுநீரகத்தை எடுத்து அவருடைய இரட்டைச் சகோதரருக்குப் பொருத்தி வெற்றி கண்டார். அவர்கள் ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர். ஆதலின் ஒருவர் உறுப்பை மற்றவர் உடம்பு தன்னுடையதாகவே கருதியது. உறுப்பைப் பெற்றவர் மேலும் எட்டாண்டுகள் வாழ்ந்தார். ஆனால் இத்தகைய இரட்டையர் எத்தனை பேருக்கு வாய்ப்பர்? மற்றவர்களுக்கு உதவவேண்டுமானால், வெள்ளை அணுக்களின் சினத்தைத் தணிக்கும் மருந்து வேண்டும்.

அம்மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடைத்தன. அசாதயோப்ரின் என்னும் மருந்து 1960களின் தொடக்கத்தில் பயன்படலாயிற்று. நார்வே நாட்டின் மேட்டு நிலம் ஒன்றிலிருந்து எடுக்கப்பட்ட மண்ணில் வாழ்ந்த ஒரு பூஞ்சையிலிருந்து சைக்ளோஸ்போரின் கிடைத்தது. அதன் ஆற்றலை 1972ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் கண்டறிந்தனர். 1983ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு அதன் பயனுக்கு இசைவளித்தது. டாக்ரோலிமஸ் என்னும் மருந்து 1984ஆம் ஆண்டில் ஜப்பானிய மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து கிடைத்தது. மண்ணில் வாழும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இத்தனை மனிதரை வாழவைப்பது வியப்பன்றோ? நம் நாட்டில், வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1971ஆம் ஆண்டில் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை வெற்றியுடன் நடைபெற்றது. மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளைப் பிறருக்கு வழங்கும் அரசுத் திட்டம் தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டில் தொடங்கிற்று. ஆகவே உறுப்பு மாற்றம் பெற்று வாழ்பவர்கள் இன்று நம் ஊரிலும் தெருவிலும் பள்ளியிலும் இருக்கிறார்கள்.

இம்மருந்துகளைச் சில நாட்கள் உண்டு நிறுத்திவிட இயலாது. பெற்ற உறுப்பு உடம்பில் இருக்கும் வரை பெரும்பாலோர் நாள்தோறும், குறித்த வேளையில், தவறாமல் உண்ணவேண்டும். இங்கேதான் இடர் தொடங்குகிறது. விருந்தினன்மேல் பாயாதபடி காவலனைக் கட்டிவைத்தால், திருடன் வரும்போதும் அவன் கட்டுண்டே கிடப்பான் அல்லவா? காவலனை முற்றும் கட்டிவிடுவதில்லை. கயிற்றைச் சற்றே இறுக்குகிறார்கள். எனினும் நலமான உடம்பில் அவன் காட்டும் விரைவு இங்கே இராது. அந்தக் குறை முதலில் புலப்படும் இடங்களுள் ஒன்று வாய்.

வாயில் ஏன்? டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகராகிய லேவன்ஹூக் என்பவர் தாமே செய்த உருப்பெருக்கிக் கண்ணாடியால் தம் பற்களின் இடுக்கிலிருந்த அழுக்கைச் சோதித்து, அங்கே எண்ணற்ற சிற்றுயிர்கள் துள்ளித் திரிவதைக் கண்டார். 1683ஆம் ஆண்டில் இதனை இலண்டன் அறிவியற் கழகத்துக்குக் கடிதமாக எழுதினார். தம் நாட்டு மக்களின் தொகையைவிடத் தம் வாயில் வாழும் உயிர்களின் தொகை மிகுதி என்பது அவர் கருத்து. மனிதர் வாயில் 700க்கு மேற்பட்ட பாக்டீரியா இனங்கள் இதுவரை அறியப்பட்டுள்ளன. இவை எல்லாம் ஒருவர் வாயிலேயே இருப்பதில்லை. பூஞ்சைகளும் வைரஸ்களும் இவற்றுடன் சேர்ந்து வாழ்கின்றன.

இவ்வளவு கூட்டத்தின் நடுவே நாம் நலமாக வாழ்வதற்குக் காரணங்கள் சில உள. நாள்தோறும் அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை சுரக்கும் உமிழ்நீர் வாயைக் கழுவிக்கொண்டே இருக்கிறது; கிருமிகளை அடக்கும் பொருள்களும் அதில் உள்ளன. ஈற்றின் விளிம்பில் வெள்ளை அணுக்கள் இரவும் பகலும் காவல் நிற்கின்றன. இக்காவல் தளர்ந்தால் அடங்கியிருந்தவை தலைதூக்கும். அவ்வாறு தோன்றும் துன்பங்களை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, என் மாணவன் கண்ட ஈறு வளர்ச்சி. இது கிருமியால் மட்டும் வருவதன்று; சைக்ளோஸ்போரின் மருந்தே இதற்கு வித்து. மருந்து தொடங்கிய சில திங்களில், முன்பற்களுக்கு இடையே உள்ள ஈற்றின் நுனி தடிக்கத் தொடங்கும். பின்னர்ப் பற்களின்மேல் ஏறும். மருந்து உண்பவர் எல்லாருக்கும் இது வருவதில்லை. வருபவருக்கும் ஒரே அளவாக இராது. இரத்த அழுத்தத்துக்காகத் தரப்படும் நிஃபெடிபின், அம்லோடிபின் போன்ற மருந்துகளும் ஈற்றை வளர்க்கவல்லவை. இரண்டும் சேரும்போது வளர்ச்சி மிகும். பல்லின்மேல் படியும் அழுக்குப் படலம் இதனை மேலும் தூண்டிவிடும்.

இதில் ஒரு நச்சு வட்டம் இருப்பதைக் காண்க. ஈறு தடிக்கிறது, தடித்த ஈற்றிலிருந்து துலக்கும்போது இரத்தம் கசிகிறது, இரத்தம் கண்டு அஞ்சித் துலக்குவதைக் குறைக்கிறார்கள், அழுக்குப் படிகிறது, அதனால் ஈறு மேலும் தடிக்கிறது. என் மாணவனும் இவ்வட்டத்தில்தான் சிக்கியிருந்தான். பல் மருத்துவர் அவன் பற்களில் இறுகியிருந்த காரையை நீக்கினார். மெல்லிய தூரிகையால் ஈற்றோரம் துலக்கும் முறையைக் கற்பித்தார். இரத்த அழுத்த மருந்தைச் சிறுநீரக மருத்துவர் மாற்றிக் கொடுத்தார். எஞ்சிய தடிப்பைச் சிறு அறுவையால் சீர்செய்தனர். இன்று பலருக்குச் சைக்ளோஸ்போரினுக்கு மாறாக டாக்ரோலிமஸ் தரப்படுகிறது. அதனால் ஈறு வளர்வது அரிது. ஆயினும் மருந்தை மாற்றும் உரிமை மருத்துவருக்கே உண்டு. நோயாளி தாமாக மாற்றலாகாது.

இரண்டாவது, பூஞ்சை நோய். காண்டிடா என்னும் பூஞ்சை பலருடைய வாயிலும் கேடு செய்யாமல் வாழ்வது. காவல் தளர்ந்தால் அது நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிர்த் துளிகளைப்போல் வெண்படலமாகப் படரும். துடைத்தால் படலம் நீங்கி, அடியில் சிவந்த புண் தெரியும். பால்குடிக்கும் குழந்தைகளுக்கு இது வருவதுண்டு. நம் வீட்டு மூதாட்டியர் இதனை அக்கரம் என்பர். சிலருக்கு வெண்மை இல்லாமல் செம்மையும் எரிச்சலும் மட்டும் இருக்கும். சிலருக்குக் கடைவாய் வெடிக்கும். உணவு சுவையற்றுப்போகும். பூஞ்சை உணவுக் குழாய்க்குள் இறங்கிவிட்டால் விழுங்குவதே வேதனையாகும். பொய்ப்பல் அணிவோருக்கு இது எளிதில் வரும். அவர்கள் இரவில் அதனைக் கழற்றித் துலக்கி வைக்கவேண்டும்.

மூன்றாவது, வைரஸ் நோய்கள். உதட்டோரம் சிறு நீர்க்கொப்புளங்கள் தோன்றி ஒரு வாரம் பத்து நாட்களில் ஆறிவிடுவதைப் பலரிடம் கண்டிருப்பீர்கள். அதனை உண்டாக்கும் வைரஸ் நரம்பில் உறங்கிக் கிடப்பது. காவல் தளர்ந்தவரிடம் அது விழித்தெழுந்து வாய்க்குள்ளும் பரவிப் பெரும் புண்களாகி, வாரக்கணக்கில் ஆறாமல் நிற்கக்கூடும். நாக்கின் பக்கவாட்டில் துடைத்தாலும் போகாத வெண்கோடுகள் தோன்றுவதும் ஒருவகை வைரஸின் வேலை. ஆதலின், பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும் வெண்மைகளுள் ஒன்று பூஞ்சையாகவும் மற்றொன்று வைரஸாகவும் இருக்கும். ஒன்றுக்குரிய மருந்து மற்றதற்குப் பயன்படாது. அண்டை வீட்டார் சொன்ன மருந்தைப் பூசிக்கொள்ளலாகாது என்பது இதனால் விளங்கும்.

நான்காவது, புண்களும் வறட்சியும். உறுப்பு மாற்றம் பெற்றோருக்குத் தரப்படும் சிரோலிமஸ், எவரோலிமஸ் என்னும் மருந்துகள் வாயில் வட்டமான புண்களை உண்டாக்கவல்லவை. எலும்பு மஜ்ஜை மாற்றம் பெறுவோரின் துன்பம் வேறு வகையானது. அவர்களுடைய பழைய மஜ்ஜையை ஒழிக்க வன்மையான மருந்துகளைத் தருகிறார்கள். சிலருக்குக் கதிர்வீச்சும் உண்டு. அவை விரைந்து வளரும் வாயின் மென்தோலையும் அழித்துவிடுகின்றன. ஒரு வாரத்துக்குள் வாய் முழுதும் புண்ணாகி, நீர் விழுங்கவும் இயலாத நிலை வரலாம். சில மருந்துகளைச் செலுத்தும்போது பனிக்கட்டித் துண்டுகளை வாயில் அடக்கி வைத்திருக்கச் செய்கிறார்கள். குளிர்ச்சியால் இரத்தக் குழாய்கள் சுருங்கி, அங்கே வந்து சேரும் மருந்தின் அளவு குறைகிறது, புண்ணும் குறைகிறது. எளிய பொருளின் அரிய பயன் இது. பின்னர், வந்து குடியேறிய மஜ்ஜையின் அணுக்களே குடிபுகுந்த உடம்பைத் தாக்குவதும் உண்டு. சிறுநீரகத்தில் வீட்டார் விருந்தினனைத் தாக்குவர். இங்கே விருந்தினனே வீட்டாரைத் தாக்குகிறான். அப்போது கன்னத்தின் உட்புறத்தில் வலைபோன்ற வெண்கோடுகள் தோன்றும். காரம் சிறிதும் பொறுக்க இயலாது. உமிழ்நீர்ச் சுரப்பிகள் வறண்டு, பற்கள் விரைந்து சொத்தையாகும்.

ஐந்தாவது, மறைந்திருக்கும் பல் நோய். இதனை மிகவும் அஞ்சவேண்டும். நலமுள்ள ஒருவருக்குப் பல்லின் வேரில் சீழ் கட்டினால் கன்னம் வீங்கும், காய்ச்சல் வரும், வலி துடிக்கச் செய்யும். இவை எல்லாம் காவலர் போரிடுவதன் ஓசை. காவலரை அடக்கிவைத்த உடம்பில் அவ்வோசை மெல்லியதாகவே கேட்கும். வீக்கம் சிறிது, காய்ச்சல் சிறிது, வலி சிறிது. ஆனால் நோய் பெரிது. அது இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே இடர். ஆகவே இவர்கள் 'சிறு வலிதானே' என்று பொறுத்திருக்கலாகாது.

ஆறாவது, புற்றுநோய். மாறிய அணுக்களைக் கண்டு ஒழிப்பதும் வெள்ளை அணுக்களின் தொழில். அது தளர்வதால், உறுப்பு மாற்றம் பெற்றோருக்குத் தோலிலும் உதட்டிலும் புற்றுநோய் தோன்றும் வாய்ப்பு மற்றவரைவிட மிகுதி. வெயில் மிகுதியாகப் படும் கீழுதட்டில் இது பெரும்பாலும் தோன்றும். புகைபிடித்தலும், புகையிலை சேர்த்த வெற்றிலை பாக்கு மெல்லுதலும் யாவருக்கும் தீங்கு, இவர்களுக்கோ பெருந்தீங்கு. இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் எதுவாயினும் மருத்துவரிடம் காட்டவேண்டும்.

இனி, காக்கும் வழிகளைப் பார்ப்போம். இவற்றை மூன்று காலமாகப் பிரித்துக்கொள்வது நினைவுக்கு எளிது.

சிகிச்சைக்கு முந்திய காலம்: உறுப்பு மாற்றத்துக்குக் காத்திருக்கும்போதே பற்கள் அனைத்தையும் சோதிக்கவேண்டும். சொத்தையை அடைக்கவேண்டும், காரையை நீக்கவேண்டும், காப்பாற்ற இயலாத பல்லை எடுத்துவிடவேண்டும். விருந்தினர் வருமுன் வீட்டைத் துப்புரவு செய்வதைப்போன்றது இது. காவலர் முழு ஆற்றலோடு இருக்கும்போதே செய்யவேண்டிய வேலை.

சிகிச்சைக்குப் பிந்திய முதற் காலம்: முதல் மூன்று திங்களிலும், சிலருக்கு ஆறு திங்கள் வரையிலும், மருந்தின் அளவு மிகுதியாக இருக்கும். அப்போது அவசரமில்லாத பல் சிகிச்சைகளைத் தள்ளிவைப்பர். அவசரமானவற்றை உறுப்பு மருத்துவரைக் கலந்துகொண்டே செய்வர்.

அதன் பின்னுள்ள நெடுங்காலம்: குறித்த கால இடைவெளியில் பல் மருத்துவரிடம் செல்லவேண்டும். செல்லும்போது, தாம் உறுப்பு மாற்றம் பெற்றவர் என்பதையும், உண்ணும் மருந்துகள் யாவை என்பதையும் எழுதி எடுத்துச் சென்று காட்டவேண்டும். பல் நோய்க்குத் தரும் சில மருந்துகள் இவர்களுக்கு ஆகா. எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் என்பவையும், பூஞ்சைக்குத் தரும் ஃப்ளுகோனசோலும் சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் ஆகியவற்றின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும். தரவேண்டி நேர்ந்தால் இரத்தத்தைச் சோதித்து அளவைத் திருத்துவர். பல்வலிக்கு மருந்துக் கடையில் தாமாக வாங்கும் இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை பெற்ற சிறுநீரகத்தையே கெடுக்கக்கூடும். எனவே, கடைக்காரர் தரும் ஒரு வலி மாத்திரை, ஒரு தாயின் கொடையை வீணாக்க வல்லது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாள்தோறும் செய்யவேண்டியவை எளியவை. காலையிலும் இரவு உறங்குமுன்னும் மெல்லிய மயிருடைய தூரிகையால், ஃப்ளூரைடு கலந்த பற்பசையிட்டு, இரண்டு நிமிடம் துலக்கவேண்டும். செங்கற்பொடி, கரித்தூள், உப்புக்கல் ஆகியவற்றால் தேய்த்து ஈற்றைப் புண்ணாக்கலாகாது. பல்லிடுக்குகளை நூலாலோ சிறு தூரிகையாலோ தூய்மை செய்யலாம். குண்டூசியும் தீக்குச்சியும் வேண்டா. தூரிகையை மூன்று திங்களுக்கு ஒருமுறை மாற்றவேண்டும். உணவுக்குப் பின் வாய் கொப்பளிக்கும் நம் பழக்கம் நல்ல பழக்கம். வாய் உலர்ந்தால் அடிக்கடி நீரால் நனைத்துக்கொள்ளலாம். நாள்தோறும் விளக்கின் ஒளியில் கண்ணாடி முன் நின்று நாக்கையும் கன்னத்தையும் உதட்டையும் பார்த்துக்கொள்வதற்கு ஒரு நிமிடம் போதும். கட்டுண்ட காவலனுக்கு மாறாக நம் கண்ணே காவல் நிற்கவேண்டும்.

மாணவ நண்பர்களே! இத்துணை செய்திகளையும் உங்களுக்குச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உறுப்பு மாற்றம் பெற்ற இளைஞர் பலர் மருந்தைத் தவறவிடுவதாலேயே பெற்ற உறுப்பை இழக்கின்றனர் என்பதை மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். இளமையில் முகத்தின் தோற்றம் பெரிதாகத் தோன்றும். மருந்தால் ஈறு தடிக்கிறது, முகம் உருண்டு வீங்குகிறது, உடம்பில் மயிர் மிகுதியாக வளர்கிறது. இவற்றைக் கண்டு பிறர் நகைத்தால் மருந்தின்மேலேயே வெறுப்பு வருகிறது. நகைத்தவர் அந்நொடியே மறந்துவிடுவார். நகைக்கப்பட்டவன் அன்றிரவு மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணிப்பார்ப்பான். அந்த ஒரு நொடியில் ஒரு சிறுநீரகத்தின் வாழ்வும், சில வேளைகளில் ஓர் உயிரின் வாழ்வும் அடங்கியிருக்கின்றன. என் சொல் ஏறக்குறைய அத்தகைய கேட்டைச் செய்துவிட இருந்தது. ஒரு தாய் துணிந்து பள்ளிப் படி ஏறி வந்ததால் அது தடுக்கப்பட்டது.

உங்கள் வகுப்பில் யாரேனும் வாயை மூடிப் பேசினால், காரணம் அறியாமல் தூய்மையைப் பற்றி உரை நிகழ்த்தாதீர்கள். உறுப்பு மாற்றம் பெற்ற நண்பர் ஒருவர் இருப்பாராயின், அவருக்கு மருந்து வேளையை நினைவூட்டுங்கள். உங்களுக்குச் சளியோ காய்ச்சலோ இருக்கும்போது அவரை நெருங்காதிருங்கள். அவர் குடிக்கும் குவளையில் நீங்கள் குடிக்காதீர்கள். அது தீண்டாமை அன்று, அவரைக் காக்கும் அன்பு என்பதை அவருக்கும் விளங்கச் சொல்லுங்கள்.

என் மாணவன் அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினான். ஈற்றுச் சிகிச்சை முடிந்து வந்த வாரத்தில், நான் கேளாமலேயே எழுந்து நின்று பாடத்தைப் படித்தான். கையைக் கீழே தொங்கவிட்டபடி படித்தான். இலக்கணப்போலிக்கு எடுத்துக்காட்டுகள் வந்த பாடம் அது. 'வாயில்' என்ற சொல்லை அவன் தெளிவாக உச்சரித்தது இன்றும் என் செவியில் நிற்கிறது. அதன்பின் ஓய்வு பெறும் வரை அப்பாடத்தை நடத்தும்போதெல்லாம், இலக்கணத்தோடு இச்செய்தியையும் சேர்த்துச் சொல்லிவந்தேன். இன்று உங்களுக்கும் சொன்னேன்.